பாண்டியில் தபால் பெட்டி ஏன் மஞ்சளா இல்லை?

உப்பனாறு (இழையைத் தொடங்கியவர்)
நான் கடலூர்க்காரன், வேலை பாண்டியில். போன ஞாயிறு சித்தப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் சுற்றிக் காட்டப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு கைடு கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார். அவர் சொன்னது: "பிரெஞ்சுக்காரன் காலத்துல இந்த ஊர்ல தபால் பெட்டி எல்லாமே மஞ்சள். இந்தியாவோட சேர்ந்ததும் எல்லாத்துக்கும் சிவப்பு அடிச்சிட்டாங்க." சித்தப்பா அதை அப்படியே நம்பிவிட்டார். அங்கே ஒரு கஃபே வாசலில் அலங்காரத்துக்கு மஞ்சள் பெட்டி ஒன்று வைத்திருப்பதால் கதை இன்னும் வலுவாகிவிட்டது.

என் சந்தேகம் இரண்டு. கைடு சொன்னது உண்மையா? பிரான்சில் மஞ்சள், இங்கே சிவப்பு, அமெரிக்காவில் நீலம் என்று ஆளுக்கொரு நிறம் வைத்திருக்கிறார்களே, அதற்கு ஏதாவது காரணம் உண்டா, இல்லை கையில் கிடைத்த பெயிண்ட்டா?

முத்தியால்பேட்டை முகில்
இதுல சந்தேகமே வேண்டாம் நண்பா. சிவப்புக்குத்தான் அலைநீளம் அதிகம். காற்றுல சிதறாது. அதனால ரொம்ப தூரத்துல இருந்தே தெரியும். சிக்னல், ஆம்புலன்ஸ் விளக்கு, தபால் பெட்டி எல்லாத்துக்கும் ஒரே காரணம். ஸ்கூல்லயே படிச்சது.

தபால்தலைப் பித்தன்
முகில் தம்பி, அப்படியென்றால் நமக்குச் சிவப்புப் பெட்டியைக் கொடுத்த இங்கிலாந்துக்காரன் முதலில் பச்சை அடித்தது ஏன்?

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஆளுகையில் தெருவோரத் தபால் பெட்டியை முதலில் வைத்தது 1852-ல், ஜெர்சி தீவில். யோசனை சொன்னவர் ஆந்தனி ட்ராலப். ஆமாம், நாவலாசிரியர்தான். வயிற்றுப் பிழைப்புக்குத் தபால் இலாகா உத்தியோகம். அடுத்த வருஷம் இங்கிலாந்துக்குள் கார்லைல் ஊரில் ஒன்று வந்தது. ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவம். 1859-ல் ஒரே மாதிரியாக்கினார்கள், அப்போது நிறம் பச்சை. தெருவின் அழகைக் கெடுக்காமல் புல் பூண்டோடு சேர்ந்து அடக்கமாக இருக்கட்டும் என்ற எண்ணம். எண்ணம் பலித்தது, அளவுக்கு மேலேயே பலித்தது. கடிதம் போட வந்தவர்களுக்குப் பெட்டி கண்ணில் படவில்லை என்று புகார். பழுப்பு நிறத்தையும் யோசித்துப் பார்த்தார்கள். அதற்கு மேலே ஒரு கை வார்னிஷ் கூடுதலாக வேண்டும், செலவு. கடைசியில் 1874-ல் லண்டனில் சிவப்பு அடிக்கத் தொடங்கினார்கள். நாடு முழுக்க அடித்து முடிக்கப் பத்து வருஷம் ஆனது.

அலைநீளக் கணக்கு போட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. புகார் வந்தது, மாற்றினார்கள்.

நெல்லித்தோப்பு வாத்தியார்
முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் நுழைகிறேன். முகில் சொன்னதில் பாதி சரி. தவறான இடத்தில் பொருத்திவிட்டார்.

சிவப்பு ஒளி குறைவாகச் சிதறும் என்பது நிஜம். நீலத்தோடு ஒப்பிட்டால் காற்று மூலக்கூறுகள் சிவப்பைச் சிதறடிப்பது ஏறத்தாழ 6-ல் ஒரு பங்குதான். ஆனால் அந்த வித்தியாசம் தெரிய ஒளி பல கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அஸ்தமனம் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். ரங்கப்பிள்ளை வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு என்ன சிதறிவிடப் போகிறது? மார்கழி மூடுபனியில் உதவுமா என்றால் அதுவும் இல்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, அது எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும்.

இன்னொன்று: சிக்னல் விளக்கு தானே ஒளி தருவது. பெட்டி அப்படியில்லை, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பெட்டியையும் பக்கத்தில் உள்ள வேப்பிலையையும் பாருங்கள். மத்தியானம் பளிச்சென்று இருந்த சிவப்பு, கறுத்துப் போயிருக்கும். இலை வெளுப்பாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது. பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. இருட்ட இருட்ட அது 507 பக்கம் நகர்ந்துவிடும். சிவப்புக்கு அந்த நேரத்தில் மரியாதை இல்லை.

ஆக, வெறும் கண்ணின் கணக்கை மட்டும் பார்த்தால் பிரெஞ்சுக்காரனின் மஞ்சளுக்குத்தான் மார்க் அதிகம்.

முத்தியால்பேட்டை முகில்
சார், அப்போ சிவப்பு தப்பான நிறமா? பகல்ல நல்லா தெரியுதே!

நெல்லித்தோப்பு வாத்தியார்
தெரியும், மறுக்கவில்லை. பின்னணியோடு எவ்வளவு மாறுபடுகிறது என்பதுதான் முக்கியம். மரமும் புல்லும் உள்ள இடத்தில் சிவப்பு தனித்து நிற்கும். இங்கிலாந்தில் அது வெற்றி பெற்றதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊர் வெள்ளை நகரத்தில் (கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி) சுவரெல்லாம் காவி கலந்த மஞ்சள். அதில் மஞ்சள் பெட்டியை மாட்டினால் யார் கண்டுபிடிப்பது? அந்த கஃபேக்காரர் வெள்ளைச் சுவர் முன்னால் வைத்திருப்பார், போய்ப் பாருங்கள்.

உப்பனாறு
சார், சுவர் வெள்ளைதான் 😀

செந்நதி ஓரம் (பாரிஸ் புறநகர்)
நான் பிறந்தது உப்பளம். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். 90-களில் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். கைடு கதைக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

பிரான்சில் பெட்டிகள் மஞ்சளானது 1962-ல். அதற்கு முன்னால் நீலம். 1900-ஐ ஒட்டித் தெருவெங்கும் பெட்டி மாட்டச் சொன்ன மூஷோ என்ற தபால் துறைச் செயலர் பெயரால் அந்த நீலப் பெட்டிகளை இன்றும் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். தபால் வண்டிகளும் அதே 1962 வாக்கில்தான் மஞ்சளுக்கு வந்தன.

இப்போது பாண்டிக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவோடு சேர்வது பற்றிக் கீழூரில் வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18. நிர்வாகம் இந்தியா கைக்குப் போனது நவம்பர் 1. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. பிரான்ஸ் மஞ்சள் பூசிய நேரத்தில் பாண்டித் தபால் இந்தியாவிடம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியின் பெட்டி இங்கே மஞ்சளாக இருந்திருக்க வழியே இல்லை.

உப்பனாறு
அடடே! கைடு சொன்னது இல்லாத நிறத்துக்குச் சிவப்பு அடித்த கதை.

தபால்தலைப் பித்தன்
இதோடு இன்னொரு விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பிரெஞ்சுக் காலத் தபால்" என்று ஒற்றையாகப் பேசுவதே சரியில்லை. பிரெஞ்சுப் புதுவைக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையம் ஒன்று நடந்தது. அங்கே விக்டோரியா தலை போட்ட இந்தியத் தபால்தலைதான் ஒட்டுவார்கள். புதுச்சேரி முத்திரை விழுந்த அந்தத் தலைகளுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி கிராக்கி. அதே ஊரில் 1892 முதல் பிரெஞ்சிந்தியாவுக்கென்றே தபால்தலை வந்தது. 1914-ல் பிரம்மா உருவம் போட்டது, 1923-க்குப் பிறகு ரூபாய், பணம், காசு என்று மதிப்பு அச்சிட்டது எல்லாம் என் ஆல்பத்தில் இருக்கிறது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். மெட்ராஸ்காரர்கள் அணாவில் தடுமாறிக்கொண்டிருந்தபோது நம் ஆட்களுக்கு இது தனிக் கணக்கு.

ஒரே தெருவில் இரண்டு ராஜ்யத்துத் தபால். எல்லை தாண்டினால் கடலூர், அங்கே வேறு சட்டம். பாரதியார் பத்து வருஷம் இங்கே இருந்துவிட்டு 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். இழையை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும்.

கெடிலக்கரை
எல்லாம் சரி. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு. வெள்ளைக்காரன் அடிச்ச சிவப்பை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம்? தபால் துறை நமக்கென்று ஒரு நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாதா? தேசியக் கொடியில் மூன்று நிறம் இருக்கிறது.

தபால்தலைப் பித்தன்
அயர்லாந்து அதைத்தான் செய்தது. 1922-ல் சுதந்திர அரசு அமைந்ததும் முதல் வேலையாகச் சிவப்புப் பெட்டிகள் மேல் பச்சை அடித்தார்கள். பெட்டியை மாற்றவில்லை, பெயிண்ட் மட்டும். இன்றைக்கும் டப்ளினில் பச்சைப் பெட்டியில் விக்டோரியா ராணியின் எழுத்து முத்திரை வார்ப்பிரும்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது. வண்ணத்தை மாற்றுவது மலிவு, வார்ப்பை மாற்றுவது செலவு.

ஜெர்மனியில் இன்னும் வேடிக்கை. அங்கே மஞ்சள் பழைய நிறம். நாஜிகள் வந்து சிவப்பாக்கினார்கள். போர் முடிந்ததும் திரும்ப மஞ்சள். நிறம் மாறியதில் ஒரு தடவையாவது கண்ணைக் கேட்டார்களா என்றால் இல்லை. யார் ஆள்கிறார்கள் என்று சொல்ல அடித்ததுதான்.

கெடிலக்கரை
அப்ப நான் சொல்றது சரின்னுதானே ஆகுது. அயர்லாந்துக்காரன் மாத்தினான், நாம மாத்தல.

ரோடியர் மில் பேரன்
சிவப்பு என்றாலே பிரிட்டிஷ் என்பது கடலூர்க்காரர் பார்வை. பாண்டிப் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பி யார் கொடுத்தது? பிரெஞ்சுக்காரன். அதையும் கழற்றச் சொல்வீர்களா? இந்த ஊரில் தொப்பிச் சிவப்பு பாரிசிலிருந்து, பெட்டிச் சிவப்பு லண்டனிலிருந்து. இரண்டையும் ஒரே சந்தியில் பார்க்கலாம். எங்களுக்கு இரண்டும் எங்களுடையதுதான்.

காரைக்கால் கயல்
"புதுச்சேரிக்கென்று தனி நிறம்" என்று அடுத்து யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நடக்காது. புதுச்சேரிக்கென்று தனி அஞ்சல் வட்டமே (தபால் துறையின் மாநில அளவு நிர்வாகப் பிரிவு) கிடையாது. பாண்டியும் நாங்களும் தமிழ்நாடு வட்டம், மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரா. பின்கோடைப் பாருங்கள்: பாண்டி 605001, காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. ஒரே யூனியன் பிரதேசம், ஏனாம் மட்டும் 5-ல் தொடங்குகிறது. தபால்காரர்களுக்கு அரசாங்க எல்லையைவிட ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். நிறம் எல்லாம் டெல்லி சமாச்சாரம்.

ஆர்எம்எஸ் தாத்தா
ஆர்எம்எஸ், அதாவது ரயில்வே அஞ்சல் சேவையில், விழுப்புரம் வழியாக ரயிலில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லோரும் சிவப்பையே பேசுகிறீர்கள். நம் நாட்டில் பச்சை, நீலம், மஞ்சள் பெட்டியும் உண்டு. சென்னைக்காரர்களைக் கேளுங்கள்.

பச்சைப் பெட்டியில் உள்ளூர்க் கடிதம் மட்டும். நீலம் மெட்ரோ சேனல்: சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் இந்த ஆறு ஊருக்குள் போகிற கடிதம். மஞ்சள் ராஜதானி சேனல், டெல்லிக்கும் மாநிலத் தலைநகரங்களுக்கும். சிவப்பு மீதி எல்லாத்துக்கும்.

இதன் சூட்சுமம் வெளியாட்களுக்குத் தெரியாது. சிவப்புப் பெட்டியைத் திறந்து பையைக் கொட்டினால் பக்கத்துத் தெருக் கடிதமும் அசாம் கடிதமும் ஒன்றாகக் கிடக்கும். எல்லாவற்றையும் முகம் திருப்பி அடுக்கி, முத்திரை குத்தி, அப்புறம் அறை அறையாகப் பிரிக்க வேண்டும். முதல் பிரிப்பு என்பதே பெரிய வேலை. ராத்திரி வண்டியைப் பிடிக்கணும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பச்சைப் பெட்டிப் பையில் வந்ததை நேராக உள்ளூர் டெலிவரி பக்கம் தள்ளிவிடலாம், நீலப் பையை நேராக மெட்ரோ பக்கம். அதாவது நாங்கள் செய்ய வேண்டிய முதல் பிரிப்பைக் கடிதம் போடுகிறவரே நின்று செய்துவிடுகிறார். அவருக்குத் தெரியாமலே! அதற்குத்தான் நிறம். அழகுக்கும் இல்லை, ஆட்சிக்கும் இல்லை.

ஒரு பையில் சில நூறு கடிதமாவது விழுகிற ஊருக்குத்தான் இது லாபம். ஒரு பெட்டிக்கு ஒரு கைப்பிடி கடிதம் விழுகிற இடத்தில் நாலு பெட்டி வைத்தால் திறக்கிற நேரம்தான் நஷ்டம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு நிறம் தேடாதீர்கள்.

செந்நதி ஓரம்
தாத்தா சொன்னது இங்கேயும் உண்டு, நிறத்தில் இல்லை, வாயில். பிரெஞ்சு மஞ்சள் பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டு வாய். ஒன்று அந்த மாவட்டத்துக் கடிதம், மற்றது வெளியூர். ஸ்வீடனில் உள்ளூருக்கு நீலம், மற்றதுக்கு மஞ்சள் என்று வைத்திருந்தார்கள். போர்ச்சுகலில் சாதாரணத்துக்குச் சிவப்பு, விரைவுக்கு நீலம். வேலை ஒன்றுதான்.

இன்னொரு துணுக்கு: இங்கே அவசரக் கடிதத்துக்கு ஒட்டிய சிவப்புத் தபால்தலையை 2023 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவசரம் என்றால் இணையத்தில் அனுப்பு, அவர்கள் அச்சடித்துக் கொடுப்பார்கள். காகிதம் என்றால் பச்சைத் தலை, மூன்று நாள்.

முத்தியால்பேட்டை முகில்
தாத்தா, சென்னைல பச்சைப் பெட்டில வெளியூர் லெட்டர் போட்டா என்ன ஆகும்? தூக்கிப் போட்டுடுவாங்களா?

ஆர்எம்எஸ் தாத்தா
ஐயோ, எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போட மாட்டோம் தம்பி. தவறி வந்ததைத் தனியாக எடுத்து சிவப்புக் கட்டோடு சேர்ப்போம். கொஞ்சம் தாமதமாகும், அன்றைய வண்டியைத் தவறவிடலாம். அவ்வளவுதான்.

பிரஷ் ராஜா (கடலூர் முதுநகர்)
நான் பெயிண்டிங் காண்ட்ராக்ட். அரசாங்கக் கட்டடம், கேட், படகு, தபால் பெட்டி எல்லாம் அடிச்சிருக்கேன். படிச்சவங்க கண்ணு, ஆட்சின்னு பேசுறீங்க. பெயிண்ட் பக்கம் ஒண்ணு சொல்றேன்.

இரும்புக்கு முதல் கோட்டு ரெட் ஆக்சைடு. துரு பிடிக்காம இருக்க அதை அடிச்சே ஆகணும். அது ஏற்கெனவே செங்கல் நிறம். அதுமேல சிவப்பு எனாமல் ரெண்டு கை குடுத்தா மூடிடும். எங்கயாவது பேந்தாலும் கீழ இருக்கறது செம்மண் நிறந்தான், தூரத்துல தெரியாது. மஞ்சள் எனாமலுக்கு மூடுற சக்தி கம்மி. ரெட் ஆக்சைடு மேல நேரா அடிச்சா அழுக்கு ஆரஞ்சா எட்டிப் பாக்கும். நடுவுல வெள்ளை அண்டர்கோட் வேணும், அப்புறம் மூணு கை. பேந்தா புண்ணு மாதிரி தெரியும். ஒரு பெட்டிக்கு ஒண்ணும் இல்ல, ஆயிரம் பெட்டிக்கு கணக்குப் போடுங்க.

ஆனா சிவப்புக்கு வேற வியாதி. வெயில்ல வெளுக்கும். விலை கம்மியான சிவப்பு ரெண்டு கோடைல ரோஸ் ஆகிடும், தேய்ச்சா சாயம் தூளா கைல ஒட்டும். தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காத்துக்கு இன்னும் சீக்கிரம். பழைய வார்ப்பிரும்புப் பெட்டி தாங்கும். இப்ப வர்ற தகட்டுப் பெட்டி அடில மழைத்தண்ணி நின்னு ஓட்டை விழுது. தானே புயலுக்கு அப்புறம் சரிஞ்சு கிடந்த பெட்டிய நிமித்திப் பாத்தா அடித்தகடு அப்பளம்.

அடில கறுப்பு ஏன் அடிக்கிறோம்னு யாரும் கேக்கல. சேறு, நாய். வேற காரணம் இல்ல.

நெல்லித்தோப்பு வாத்தியார்
ராஜா தம்பி, இந்த இழையிலேயே உருப்படியான பதில் உங்களுடையது. வெள்ளை அண்டர்கோட் விஷயம் எனக்குப் புதிது. இங்கிலாந்தில் பழுப்பைக் கைவிட்டதும் ஒரு கை வார்னிஷ் செலவால்தான் என்று பித்தன் மேலே எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடாமல் எந்த நிறமும் தெருவுக்கு வருவதில்லை.

ஜப்பானிலும் முதலில் மரப்பெட்டி, கறுப்பு. தெருவிளக்கு இல்லாத காலத்தில் ராத்திரி எங்கே தேடுவது? 1901-ல் சிவப்பு இரும்புப் பெட்டிக்கு மாறத் தொடங்கினார்கள். கறுப்போடு ஒப்பிட்டால் எதுவும் மேல்தான்.

கெடிலக்கரை
வாத்தியார் சார், ராத்திரி சிவப்பும் கறுப்பாத்தான் தெரியும்னு நீங்களே சொன்னீங்க!

நெல்லித்தோப்பு வாத்தியார்
அந்தி மங்கலில் அப்படித்தான். விளக்குப் போட்டுவிட்டால் சிவப்பு திரும்ப வந்துவிடும், கறுப்பு வராது. நல்ல மடக்கு, பாராட்டுகள்.

உப்பனாறு
சித்தப்பாவுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். அவர் பதில்: "அது இருக்கட்டும், ரெஜிஸ்டர் போஸ்ட்டை எடுத்துட்டாங்களாமே, இனிமே சிவப்புப் பெட்டியையும் எடுத்துடப் போறாங்களாம்." இது எவ்வளவு தூரம் உண்மை?

ஆர்எம்எஸ் தாத்தா
இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்தார்கள், அவ்வளவுதான். அது கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்குகிற சேவை. அதற்கும் தெருப் பெட்டிக்கும் சம்பந்தமே கிடையாது. பதிவுத் தபாலை யார் பெட்டியில் போட்டார்கள்? அந்த வாட்ஸப் செய்தியில் சிவப்புப் பெட்டிப் படத்தைப் போட்டு "விடை பெறுகிறது" என்று எழுதியதால் வந்த வினை. 50 காசு அஞ்சலட்டை, இரண்டரை ரூபாய் உள்நாட்டுக் கடிதம் எல்லாம் பெட்டியில் தாராளமாகப் போடலாம்.

காரைக்கால் கயல்
எங்கள் தெருப் பெட்டியை யாரும் திறப்பதாகவே தெரியவில்லையே தாத்தா. பூட்டில் சிலந்தி வலை.

ஆர்எம்எஸ் தாத்தா
பெட்டி முகப்பில் எடுக்கும் நேரம் போட்ட தகடு இருக்கிறதா பாருங்கள். தகடு இருந்தால் அது நடப்பில் உள்ள பெட்டி. பல பெட்டிகளுக்குள் இப்போது பார்கோடு ஒட்டியிருக்கிறார்கள். எடுக்க வருகிறவர் திறந்து மொபைலில் ஸ்கேன் பண்ணினால்தான் அவர் வந்த கணக்கு ஏறும். சந்தேகமாக இருந்தால் உங்கள் முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை எழுதி அதில் போடுங்கள். 50 காசில் தெரிந்துவிடும். வரவில்லை என்றால் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது.

காரைக்கால் கயல்
போட்டுவிட்டேன். வந்தால் படம் போடுகிறேன்.

மட்டுறுத்துநர்
ஸ்பீட் போஸ்ட் கட்டணம் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள், அவற்றை "அஞ்சல் சேவைகள்" இழைக்கு மாற்றியிருக்கிறேன். நிறம் பற்றி மட்டும் இங்கே தொடரலாம். கெடிலக்கரை, கொடி நிறப் பெட்டி யோசனைக்குத் தனி வாக்கெடுப்பு வேண்டும் என்றால் பொதுப் பகுதியில் தொடங்குங்கள்.